கண் முதலில் போகும் இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வீடு பார்க்கப் போன இடத்தில், உள்ளே நுழைந்ததும் குனிந்து சுவரின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அப்படிச் செய்யக் கூடாது. சோதனைக்குப் போகும் இருவரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது குழுவின் விதி. ஒருவர் தண்ணீர் வருமா என்று கேட்டால் மற்றவரும் அதையே கேட்க வேண்டும். சுவரைத் தொடுவது எங்கள் பேச்சிலேயே இல்லை. அறிக்கையில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதிக் கொடுக்கும்போது அற்ப விஷயமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படித் தெரியவில்லை.

நடந்ததை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது, ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி எழுது என்று மாலைச் சட்ட வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். முயல்கிறேன்.

ஊரை ஒரு பெரிய கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. மேல்கரையில் ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கல்லூரி, பெரிய கடைகள். கீழ்க்கரையில் மனிதர்கள். (இந்த வாக்கியம் என்னுடையதல்ல, என் வகுப்புத் தோழி லிஃப்ட் சொன்னது.) மழை கனத்தால் கால்வாய் கீழ்க்கரைப் பக்கம்தான் வழியும். கீழ்க்கரைக்காரர்களுக்கு மேல்கரையில் வீடு கிடைக்காது. சில வருடங்களுக்கு முன்பு நகராட்சி ஒரு விதி போட்டது. வீடு கேட்டு வருபவரிடம் எந்தக் கரை என்று கேட்கக் கூடாது, கரையைக் காரணமாக வைத்து மறுக்கவும் கூடாது. அன்றிலிருந்து யாரும் கேட்பதில்லை. மறுப்பது மட்டும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பின்தெருவில் முதல் மாடியில் ஒரு சிறிய வீடு காலியாக இருக்கிறது. கீழ்க்கரையைச் சேர்ந்த ஒரு நர்ஸ் போய்க் கேட்டார். வாடகைக்குப் போய்விட்டது என்று தரகர் சொன்னார். வீடு வாடகைக்கு என்ற பலகையோ இன்னும் தொங்குகிறது. நர்ஸ், இப்படி மறுப்பவர்களைச் சோதித்துப் புகார் கொடுக்கும் எங்கள் குழுவிடம் வந்தார். அதனால் இன்று காலை லிஃப்ட் போனாள், மதியம் நான் போனேன்.

லிஃப்ட் எனக்கு மாலை வகுப்பில் ஒரே பெஞ்சு. பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவள், அதனால் அந்தப் பெயர். அவள்தான் என்னைக் குழுவுக்கு இழுத்து வந்தவள். "உனக்கு நல்ல மேல்கரை மூஞ்சிடி, வேஸ்ட் பண்ணாதே" என்றாள். இருவருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே சம்பளம். இருவரும் தாயோடு குடியிருக்க வீடு தேடுவதாகச் சொல்ல வேண்டும். அவள் கீழ்க்கரை, நான் மேல்கரை என்பது மட்டுமே வித்தியாசம். அவளுக்கு இல்லை என்றும் எனக்கு உண்டு என்றும் சொன்னால் தரகர் மாட்டிக்கொள்வார்.

தரகர் கதவைத் திறந்து ஒதுங்கி நின்று, "போம்மா, உள்ள போய்ப் பாரு" என்றார். போனேன். குனிந்தேன். தொட்டேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடடா, சொல்ல மறந்தே போச்சு பாரேன். காலையிலதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார். உனக்கு வேற இடம் இருந்தா சொல்றேம்மா."

காலையில் லிஃப்டிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார், "அடடா" உட்பட.

நினைத்தது: எதுவும் தெளிவாக இல்லை. வீட்டில் மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 5, புதன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை முடிந்து நேராகக் குழு அறைக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே பேச வேண்டும். குழுவை நடத்துபவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அண்ணன். எதையும் "ரைட்" என்று சொல்லித்தான் முடிப்பார். இன்று அந்த ரைட் வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் இல்லைன்னு சொல்லிட்டானே. அப்ப நெஜமாவே வாடகைக்குப் போயிடுச்சோ?"

"பலகை தொங்குதுண்ணே" என்றாள் லிஃப்ட்.

"பலகைய எடுக்க ஏணி இல்லைம்பான்."

"என்கிட்ட இருக்கு, கொண்டு போய்க் குடுக்கவா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி பண்ணித் தொலைச்ச? மேல்கரைப் புள்ளைக்கு இல்லைன்னு சொல்ல அவனுக்குப் பைத்தியமா? வாயில ஏதாவது உளறினியா?"

"ஒண்ணும் உளறல."

"பல்லைக் காட்டினியா?"

"சிரிச்சேன். அளவாத்தான்."

"அளவா சிரிச்சாளாம்! ஸ்கேல் வெச்சு அளந்திருப்பாண்ணே இவ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவரைத் தொட்டதைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததில் என் தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் போய்விட்டேன்.

கண்டக்டர் அண்ணன் நாளை தன் மனைவியை அனுப்பிப் பார்க்கிறேன் என்றார்.

மார்ச் 6, வியாழன்

கண்டக்டரின் மனைவி பாங்கில் காசாளர். பரம்பரையாக மேல்கரை. இன்று மதிய இடைவேளையில் வீட்டைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் குழு அறைக்கு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"நீங்க சொன்ன ஆளு தங்கமான மனுஷங்க. நாற்காலி போட்டு உக்கார வெச்சாரு."

"வீடு?" என்றார் கண்டக்டர்.

"எப்ப வேணா வாங்கன்னாரு. ஜன்னல்ல நின்னா ஆஸ்பத்திரித் தோட்டம் அப்படியே தெரியுது. பேசாம நாமளே போயிடலாமா? நம்ம வீட்டு ஜன்னல்ல உங்க சைக்கிள்தான் தெரியுது."

"நீ சோதனைக்குப் போனியா, இல்ல குடித்தனம் பண்ணப் போனியா?"

"ரெண்டும்தான். அட்வான்ஸ் யாராவது குடுத்திருக்காங்களான்னும் கேட்டேன். ஈ காக்கா வரலைன்னு சத்தியம் பண்றாரு."

லிஃப்ட் கைதட்டினாள். வீடு காலி என்பது தெரிந்துவிட்டது. கண்டக்டர் அண்ணன் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நர்ஸுக்கு இல்ல, லிஃப்டுக்கு இல்ல, இவளுக்கு உண்டு. சரி. ஆனா இந்தப் புள்ளைக்கு ஏன் இல்ல?" என்று என்னைக் காட்டினார். பஸ்ஸில் டிக்கெட் இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை, எனக்குத்தான் அப்படிப் பட்டது என்று எழுதுவதுதான் சரி.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நான் பிறந்தது கீழ்க்கரையில். பள்ளிக்கூடம் போகும் வயது வருமுன் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். குழுவில் சேரும்போது கண்டக்டர் அண்ணன் "எங்கம்மா குடியிருக்க?" என்று கேட்டார். மேல்கரை மூன்றாம் தெரு என்றேன். அது உண்மை. எங்கே பிறந்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்தேன். தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் இதில் என்னை உறுத்துவது வேறு. தரகருக்கு இது தெரிய வழியே இல்லை. என் முகவரி மேல்கரை, வேலை மேல்கரை, பேச்சும் அப்படித்தான். அவர் ஒன்றும் கேட்கவுமில்லை.

மார்ச் 8, சனி

நேற்று குழு முறைப்படி புகார் கொடுத்தது. வரும் வியாழக்கிழமை நகராட்சியில் விசாரணை. அதுவரை அந்த வீட்டை யாருக்கும் விடக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த வியாழனோடு நர்ஸுக்கு அந்த வீடு உண்டு, அல்லது இல்லை.

இன்று நர்ஸ் இரவு வேலை முடித்து நேராகக் குழு அறைக்கு வந்தார். கண்டக்டர் அண்ணன் டீ வாங்க இறங்கினார். அவர் திரும்பி வருவதற்குள் நர்ஸ் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. அவராகவே திடுக்கிட்டு எழுந்து, "எந்த பெட்?" என்றார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாலத்துல பஸ் ராத்திரி ஓடாதுல்ல. அதனால சாயங்காலமே வந்துடணும், காலையிலதான் திரும்பணும். புள்ளை ராத்திரி பூரா பக்கத்து வீட்டுல."

"எத்தனை வயசுக்கா?" என்றேன்.

"ஏழு. மூச்சுத் திணறல் வேற. போன மாசம் ராத்திரி அதுக்கு இழுக்க ஆரம்பிச்சிருக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் தோள்ல போட்டுக்கிட்டுப் பாலத்தை நடந்தே தாண்டியிருக்காரு. அதே நேரத்துல நான் எங்க இருந்தேன் தெரியுமா? குழந்தைங்க வார்டுல. ஊரான் புள்ளைக்கெல்லாம் மூச்சு மிஷின் மாட்டிக்கிட்டு. கடைசியா ஒரு புள்ளையத் தூக்கிட்டு வராங்க, பார்த்தா என்னுது."

கீழே யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வீட்டு ஜன்னல்லேருந்து எங்க வார்டு தெரியும்" என்றார் நர்ஸ். "நான் ஜன்னல்கிட்ட போகவே இல்லை, அதுக்குள்ள இல்லைன்னுட்டாரு. வெளியில வந்து தெருவுலேருந்து பார்த்தேன்."

"அந்த ஆளு எப்படிக்கா கண்டுபிடிச்சான்? நீங்க கரை சொன்னீங்களா?" என்றாள் லிஃப்ட்.

"இல்லையே. நர்ஸுங்க தங்கற ஹாஸ்டல் முகவரிதான் குடுத்தேன். உள்ள போனேன். சுவத்துல ஓதம் ஏறியிருக்கான்னு கீழ பார்த்தேன். அவ்வளவுதான்."

லிஃப்ட் சாதாரணமாக, "அது எல்லாரும் பாக்கறதுதானே. நானும்தான் பார்த்தேன்" என்றாள்.

எல்லாரும் பார்ப்பதில்லை. கண்டக்டரின் மனைவி ஜன்னலைப் பார்த்திருக்கிறார். நான் எழுந்து கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நேரம் ஆகவில்லை. கடைத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அம்மா, "காலுல சக்கரம் கட்டிக்கிட்டியா? ஒரு இடத்துல நில்லுடி" என்றாள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. அம்மாவின் பீரோ செங்கல் மேல் நிற்கிறது. அரிசி டின் பரண்மேல். ரேஷன் கார்டும் என் சான்றிதழ்களும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆணியில், என் தலைக்கு மேல் உயரத்தில் தொங்குகின்றன. இத்தனை வருடமாக இதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது மாடிக்குக் கால்வாய்த் தண்ணீர் எப்படி வரும் என்று இன்றுதான் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

தரகரின் பதில் நகராட்சிக்கு வந்துவிட்டது. கண்டக்டர் அண்ணன் படித்துக் காட்டினார். வருபவர்களிடம் தான் கரை கேட்டதே இல்லையாம். வீட்டுக்குப் பொருத்தமானவர் என்று மனதுக்குப் பட்டவருக்குக் கொடுப்பாராம். இதில் கரைக்கு வேலையே இல்லையாம். ஏனென்றால் அதே வாரத்தில், மேல்கரை மூன்றாம் தெருவில் குடியிருந்து கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் அவர் மறுத்திருக்கிறார்.

"உன்னை வெச்சே தப்பிக்கப் பாக்கறான்" என்றார் கண்டக்டர். "மேல்கரைப் புள்ளைக்கும் இல்லைன்னுட்டேன், அப்புறம் எங்க பாகுபாடுங்கறான். அதிகாரி இதைக் கேட்டா புகாரைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாரு."

"இவ போன சோதனையச் சொல்லாம விட்டுட்டா?" என்றாள் லிஃப்ட்.

"நாம விட்டாலும் அவன் விட மாட்டான். தவிர, நாம பண்ணின எல்லாத்தையும் சொல்லணும். நல்லதை மட்டும் பொறுக்கிக் காட்டினா நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

லிஃப்ட் என் தோளைத் தட்டினாள். "விடு. உன்மேல தப்பில்ல. உன் ராசி அப்படி."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தரகர் கடைக்கு வந்தார். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி வேண்டும் என்று மருத்துவர் சீட்டை நீட்டினார். ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தார். நான் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தால்தான் கண்ணாடியை வெட்ட முடியும். அதற்கு எதிரே உட்கார்ந்து, மூக்கின் மேல் ஸ்கேலை வைத்து, என் கண்ணையே பார்க்கச் சொல்ல வேண்டும். தினமும் செய்கிற வேலைதான்.

"என் இடது கண்ணைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். "உன் வேலையும் என் வேலையும் ஒண்ணுதாம்மா" என்றார். "ரெண்டு பேரும் கண்ணத்தான் பாக்கறோம்."

"ஆடாதீங்க."

"நான் யாரையும் எந்தக் கரைன்னு கேட்டதில்ல. சட்டம் கூடாதுங்குது, கேக்கல. கதவைத் தொறந்துவிட்டு ஒதுங்கி நிப்பேன். முதல்ல கண்ணு எங்க போகுதுன்னு பாப்பேன். இந்தக் கரைக்காரங்க ஜன்னலப் பாப்பாங்க. இல்லேன்னா அடுப்படி. அந்தக் கரைக்காரங்க கண்ணு நேரா சுவத்தடிக்குப் போகும், தண்ணி ஏறின கறை இருக்கான்னு. மாடி வீடா இருந்தாலும் போகும். தடுக்க முடியாது. என்ன துணி போட்டாலும், என்ன பாஷை பேசினாலும் கண்ணு காட்டிக் குடுத்துடும்."

"இப்ப வலது கண்ணைப் பாருங்க."

"நீ பாத்ததோட நிக்கல, தொட்டே பார்த்துட்ட."

ஸ்கேலில் இருந்த எண் எனக்குத் தெரியவில்லை. மறுபடி வைத்தேன். மூன்றாவது முறைதான் படிக்க முடிந்தது.

"விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவாங்க. வந்து மேல்கரைன்னு சொல்லு, போதும். நெஜம்தானே, மூணாந்தெருதானே உங்க வீடு? உங்க வீட்டு ஓனர் எனக்கு ரொம்ப வேண்டியவர். அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எனக்கு எதுக்கு ஊர் வம்பு? நீயும் பேச மாட்டே, நானும் பேச மாட்டேன். கண்ணாடி எப்ப கிடைக்கும்?"

"வெள்ளிக்கிழமை."

"நல்லாப் பண்ணும்மா" என்று எழுந்து போனார்.

அம்மா சீருடை தைக்கும் பட்டறையிலிருந்து வந்து கால் கழுவியதும் எல்லாவற்றையும் சொன்னேன். சோதனை, சுவர், நர்ஸ், நர்ஸின் பிள்ளை, தரகர். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"சுவத்தைத் தொடாதேன்னு சின்ன வயசுலேருந்து எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"ஏன்னு ஒரு தடவகூடச் சொல்லலியேம்மா."

"சொல்லியிருந்தா மட்டும் கிழிச்சிருப்ப."

கத்தியை வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அது வெங்காயத்தினால்தான். எங்கள் வீட்டில் அழுகை அப்படித்தான் வரும்.

"இந்த வீட்டைக் காட்டினவனும் அவன்தான். அப்ப மீசை கறுப்பு. போற வழியிலயே உங்கப்பா சொல்லிட்டாரு, அந்த ஆளு கண்ணைப் பாக்கறவன், ஜாக்கிரதைன்னு. உள்ள நுழைஞ்சதும் எனக்குக் கீழ பாக்கணும்னு உயிர் போகுது. ஃபேனைப் பார்த்தேன். ரெண்டு ரூமிலயும் ஃபேனையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவன் கேட்டான், என்னம்மா, ஃபேனு வேலை செய்யுமான்னு சந்தேகமான்னு. ஆமான்னேன். போட்டுக் காட்டினான். ஒரு வாரம் கழுத்துச் சுளுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. அம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

"அப்படிப் பிடிச்ச வீடு. நீ போய்ப் பேசினா போயிடும்."

"போகாதும்மா. அப்படிக் காலி பண்ணச் சொன்னா அதுவும் சட்டப்படி தப்பு."

"சட்டம் வந்து பீரோ தூக்குமா?"

இந்த ஒரு கேள்விக்கு மாலை வகுப்பில் இதுவரை பதில் சொல்லித் தரவில்லை.

"நான் பேசலேன்னா அந்த நர்ஸுக்கு வீடு கிடைக்காது" என்றேன்.

"அவளுக்கு நீ என்ன உறவா?"

"இல்ல."

"பின்ன?"

தட்டுகளை எடுத்து வைத்தேன். சாப்பிட்டோம். அம்மா தட்டைக் கழுவும்போது திரும்பாமலே, "அந்தப் புள்ளைக்கு மூச்சு இப்ப பரவாயில்லையாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 12, புதன்

வகுப்புக்கு முன்பே கண்டக்டர் அண்ணனிடம் போனேன். லிஃப்டும் இருந்தாள். ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு இன்னொருவருக்குத் தானாகத் தெரியட்டும் என்று விடலாமா என்று யோசித்தேன். அது இன்னொரு சின்னத் தவறாகும். இருவரிடமும் சேர்த்தே சொன்னேன், நின்றுகொண்டே.

"நான் பிறந்தது கீழ்க்கரைண்ணே."

பிறகு சுவரைத் தொட்டதையும், கடையில் தரகர் சொன்னதையும் சொன்னேன். கண்டக்டர் அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றார்.

"அவனே வாயால சொன்னானா? சுவத்தடியப் பாத்துத்தான் கண்டுபிடிக்கறேன்னு?"

"ஆமாண்ணே. ஸ்கேல் மூக்குமேல இருக்கும்போதே."

"அப்ப நர்ஸு, லிஃப்டு, நீ, மூணு பேரும் அந்தக் கரை. மூணு பேருக்கும் இல்ல. என் பொண்டாட்டிக்கு மட்டும் நாற்காலி. சரியாப் போச்சே!" உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "ஆனா அவன் சொன்னதுக்கு நீ ஒருத்திதான் சாட்சி. இல்லவே இல்லைம்பான். நீ அந்தக் கரைன்னு அதிகாரி முன்னாடி உன் வாயால சொன்னாத்தான் நிக்கும். யோசிச்சுக்கோம்மா. வேணாம்னா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"யோசிச்சுட்டேன்." அது முழு உண்மையில்லை. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

லிஃப்ட் பையைத் தோளில் மாட்டினாள். படியிறங்கி வகுப்புக்குப் போகும் வழியில், பாதி தூரம் வந்த பிறகு, நின்றாள்.

"வகுப்பு முடிஞ்சு தினம் என்கூடப் பாலம் வரைக்கும் வருவ. நான் அந்தப் பக்கம் நடப்பேன், நீ கையக் காட்டிட்டுத் திரும்பிடுவ. ஒரு நாள்கூடச் சொல்லத் தோணலையாடி?"

"தோணும். பாலம் வந்துடும்."

"நல்ல பாலம்டி அது." கொஞ்ச தூரம் தனியாக முன்னால் நடந்தாள். பிறகு, திரும்பிப் பார்க்காமல், "எந்தத் தெரு?" என்றாள்.

"சாயப்பட்டறைத் தெருன்னு அம்மா சொல்லுவாங்க."

"அது எங்க தெருவுக்கு அடுத்த தெரு." இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். "அப்ப உனக்கு இருக்கறது மேல்கரை மூஞ்சி இல்ல. வெறும் மூஞ்சிதான். நான் வேற அதைப் புகழ்ந்து தொலைச்சேன்."

வகுப்பில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என் ரப்பரை எடுத்தாள், திருப்பித் தரவில்லை. மன்னித்துவிட்டாள் என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். அவளாகவே, "நான் வர மாட்டேன். எனக்குப் பட்டறையில வேலை இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேசும்போது தரையப் பாக்காதே. ஃபேனையும் பாக்காதே. அந்த ஆளோட கண்ணைப் பார்த்துப் பேசு" என்றாள்.

"வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னா?"

"பீரோவத் தூக்க அந்த லிஃப்டுப் பொண்ணு இருக்காளே. தூக்கறதுதானே அவ தொழிலு."

சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள். எழுதி முடிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பயம் குறையவில்லை. குறையும் என்று காத்திருந்தால் வியாழன் போய்விடும்.

நாளை: காலையில் கடைச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு அரை நாள் விடுப்புச் சொல்ல வேண்டும். நர்ஸை ஆஸ்பத்திரி வாசலில் சந்தித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பெஞ்சில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு நகராட்சி, இரண்டாம் மாடி. பெயரும் முகவரியும் கேட்பார்கள், சொல்ல வேண்டும். அதற்கு அடுத்து, அவர்கள் கேட்காவிட்டாலும், பிறந்த கரையைச் சொல்ல வேண்டும். மதியம் கடைக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமைக்குத் தர வேண்டிய தரகரின் கண்ணாடியை வெட்ட வேண்டும்.